கெட்டி ஆயிலா, தண்ணி ஆயிலா

அந்த மே மாதம் திருச்சானூரில் ஒரு லாட்ஜிலும் அறை காலி இல்லை. பள்ளிக்கூட விடுமுறை. குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். அவர்கள் படுத்து எழுந்த பெட்ஷீட்டும் துண்டும் தலையணை உறையும் எங்களிடம் வந்து சேரும். திருப்பதி மலையில் மொட்டை போட்டவர்கள் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வருவார்கள். அது உறையில் இறங்கி மஞ்சளாகக் காய்ந்திருக்கும். அதை எடுப்பதில்தான் எங்கள் உழைப்பில் பாதி போகும்.

நானும் என் ஓரகத்தியும் சேர்ந்து நடத்தும் சலவைக் கொட்டகை அது. ஓரகத்தி என்றால் என் கணவருடைய தம்பியின் மனைவி. அவள் மெஷின்களைப் பார்த்துக்கொள்வாள். நான் வண்டி ஓட்டுவேன். லாட்ஜுகளில் அழுக்கை ஏற்றிக்கொண்டு வந்து போட்டுவிட்டு, வெளுத்ததைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வண்டி ஒரு சின்ன பிக்கப். என் கணவர் குவைத்தில் டிரைவர் வேலை பார்த்தவர், ஒரு லீவில் வந்தபோது அதை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். முதலில் ஒரு டிரைவரை வைத்திருந்தோம். டூரிஸ்ட் கார் ஓட்ட அவர் போய்விட்டதும், வேறு வழியில்லாமல் நானே லைசென்ஸ் எடுத்தேன். அப்போது எனக்கு நாற்பது தாண்டியிருந்தது.

நான் பயந்த சுபாவம். நான் பிறந்த குடிபாலாவில் எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான். இருட்டுவதற்குள் கதவைச் சாத்தி, ஜெபம் பண்ணிவிட்டுப் படுத்துவிடுகிற குடும்பம். வண்டி ஓட்டக் கற்றுக்கொண்ட பிறகும் நான் போனதெல்லாம் கொட்டகைக்கும் லாட்ஜுகளுக்கும் இடையில் உள்ள சந்துகளில்தான். நெடுஞ்சாலையில் ஏறியதே இல்லை. ஒவ்வொரு லாட்ஜ் வாசலிலும் நிறுத்தியவுடன் எஞ்சினை அணைத்துவிடுவேன். "சும்மா ஓட உடாத, வண்டி கெட்டுப்பூடும்" என்று என் கணவர் சொல்லியிருந்தார்.

ஒரு மத்தியானம், கோவிலுக்குப் பின்பக்கச் சந்தில் எதிரே ஒரு பஸ் வந்து மாட்டிக்கொண்டது. நானும் நகர முடியவில்லை, அதுவும் நகர முடியவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது ஸ்டியரிங்குக்குப் பின்னால் கெண்டி மாதிரி ஒரு சிவப்பு விளக்கு மினுக்கென்று எரிந்து அணைந்தது. மறுபடியும் எரிந்தது. ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தேன், போய்விட்டது. காலை எடுத்தேன், வந்தது. அது எஞ்சின் ஆயில் விளக்கு என்று எனக்குத் தெரியும். அது எரிந்தால் உடனே நிறுத்த வேண்டும், இல்லையென்றால் எஞ்சின் இறுகிப் பிடித்துக்கொள்ளும் என்பதும் தெரியும். ஆனால் எனக்குப் பின்னால் ஷேர் ஆட்டோக்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. பஸ் பின்வாங்கியதும் எப்படிக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தேன் என்பது இப்போது எனக்கு நினைவில்லை.

வந்ததும் அவருக்குப் போன் போட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்தார்.

"ஏங்க, செவப்பு லைட்டு எரியுதுங்க. ஆயில் லைட்டு."

"பயந்துக்கினு கீறியா? மொதல்ல கேஜ் கம்பிய எடுத்துப் பாரு. ஆயில் எதுவரைக்கும் நிக்குது?"

"தெனமும் காலீல பாக்கறேனே. மேல் கோட்டுக்குக் கொறையறதே இல்ல. இன்னிக்கி மேல் கோட்டுக்கும் மேல கீது."

"அப்ப ஆயில் கம்மி இல்ல. ஸ்டார்ட் பண்ணி போன பானட் கிட்ட வெய்யி."

நான் பானட்டைத் தூக்கி, எஞ்சினை ஓடவிட்டு, போனை அதன் பக்கத்தில் நீட்டிக்கொண்டு நின்றேன். குவைத்தில் ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார், திருச்சானூரில் நான் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறேன். என் ஓரகத்தி மெஷின் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"கேட்டேன்மே," என்றார். "ஆயிலுக்கு பலம் பத்தல. கம்பெனிக்காரன் ஊத்தறது தண்ணி ஆயிலு. குளுரு தேசத்துக்கு ஆவும், நம்ம ஊரு வெயிலுக்கு ஆவுமா? இங்க அம்பது டிகிரில ஓடற வண்டிக்கெல்லாம் ட்வென்ட்டி ஃபிஃப்ட்டிதான். கெட்டி ஆயிலு. அத்த வாங்கி ஊத்து."

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. வண்டியோடு வந்த புத்தகத்தில் 5W-30 என்று ஒரே வரியாகப் போட்டிருந்தது. அவர் சொல்வது 20W-50. முதல் எண் ஆறிக் கிடக்கும்போது ஆயில் எவ்வளவு லேசாக ஓடும் என்பதற்கு, இரண்டாவது எண் கொதிக்கிற சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. மெஷின் சுற்றும் நேரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து போனில் வீடியோ பார்த்து இவ்வளவும் தெரிந்துகொண்டேன். அதற்கு மேல் தெரிந்துகொண்டது எல்லாம் குழப்பம். கெட்டி ஆயில் ஊற்றினால் காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மேலே ஏறாமல் எஞ்சின் காய்ந்து தேயும் என்றார் ஒருவர். தண்ணி ஆயில் ஊற்றினால் வெயிலில் ஓடும்போது தேயும் என்றார் இன்னொருவர். எதை ஊற்றினாலும் தேய்மானம் என் கையால்தான் என்று எனக்குத் தோன்றியது. ஆளுக்கொன்று சொல்கிறார்கள், ஒருத்தரும் தயங்குவதில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயத்தைத் தந்தது.

பைபாஸ் முனையில் ஆட்டோக்களைப் பழுது பார்க்கும் ஒரு மெக்கானிக் இருந்தார். அவரிடம் காட்டினேன். கம்பியை உருவி இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"நீள்ளு மாதிரி உந்தி அம்மா," என்றார் தெலுங்கில். தண்ணீர் மாதிரி இருக்கிறதாம். "மீ ஆயன செப்பிந்தே கரெக்டு." உங்கள் வீட்டுக்காரர் சொல்வதுதான் சரி.

இரண்டு பேர் ஒன்றையே சொன்னதும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. கெட்டி ஆயில் டப்பா ஒன்றை வாங்கிக் கொட்டகை மூலையில் வைத்தேன். மறுநாள் காலை, முதல் நடைக்கு நான் கிளம்புவதற்கு முன்னால் வந்து மாற்றித் தருவதாக மெக்கானிக் சொன்னார்.

மறுநாள் வழக்கம்போலக் கேஜ் கம்பியைத் துடைக்கத் துணி தேடினேன். சாயம் போய் லாட்ஜுக்காரர்கள் கழித்துவிட்ட தலையணை உறைகளை இதற்காக ஒரு கம்பியில் தொங்கவிட்டிருப்பேன். முந்தின நாள் துடைத்த உறை அங்கே விரிந்து கிடந்தது. எடுக்கப் போன கை நின்றுவிட்டது.

நான் நாள் முழுக்கக் கறை பார்க்கிறவள். கறைக்கு ஒரு விளிம்பு உண்டு. தேங்காய் எண்ணெயோ, நெய்யோ, சாம்பாரோ, பரவும் மட்டும் பரவி ஒரு கோட்டில் நின்றுவிடும். அந்த உறையில் ஆயில் சொட்டின இடத்தில் நடுவே கறுப்பாக ஒரு வட்டம் இருந்தது. அதைச் சுற்றி, கறுப்பே இல்லாமல், ஈரமாக மட்டும் இன்னொரு வட்டம் அகலமாக ஓடியிருந்தது. இரண்டு விளிம்பு. துணியில் இரண்டு விளிம்பு தெரிந்தால் இரண்டு பொருள் கலந்து சிந்தியிருக்கிறது என்று அர்த்தம்.

ஓரகத்தியைக் கூப்பிட்டேன். "இத்த மோந்து பாரேன்."

அவள் மூக்கருகே கொண்டுபோனாள். "இன்னாக்கா இது, டீசல் வாசன அடிக்குது. டேங்குகிட்ட தொடச்சியா?"

"இல்லடி. இது எஞ்சின் ஆயிலு."

கம்பியை மறுபடி விட்டு எடுத்தேன். மேல் கோட்டைத் தாண்டி நகம் அளவு ஏறி நின்றது. இத்தனை நாளும் ஆயில் குறையவே இல்லை என்று தினமும் காலையில் மனதுக்குள் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது குறையாமல் நின்றதல்ல, ஏறிக்கொண்டே வந்திருக்கிறது என்பது அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது. ஆயில் தண்ணியாக இருந்ததற்குக் காரணம் டப்பாவின் மேல் இருந்த எண் அல்ல. எங்கிருந்தோ டீசல் இறங்கிக்கொண்டிருக்கிறது.

மெக்கானிக் வந்து, கோணிப் பையை வண்டிக்குக் கீழே விரித்துவிட்டார். "இன்னிக்கி வொத்து அன்னா," வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். துணியைக் காட்டினேன். அதெல்லாம் ஒன்றும் இல்லை, கெட்டி ஆயில் போட்டால் விளக்கு எரியாது என்றார். அவர் சொன்னது பொய்யில்லை, எரியாமல் இருக்கலாம். ஆனால் விளக்கு அணைவதா எனக்கு வேண்டும்? நான் மறுபடி வேண்டாம் என்றதும் கோணிப் பையை உதறிக்கொண்டு போனார். எட்டு லாட்ஜில் துணி காத்துக்கொண்டிருக்கிறது, வண்டியை எடுக்கவும் பயம், எடுக்காமல் இருக்கவும் பயம். அந்த நிலையில் என் கணவருக்குப் போன் போட்டேன். இந்த முறை வீடியோவில். துணியைக் கேமராவுக்கு நேரே விரித்துப் பிடித்தேன்.

"பாருங்க, ரெண்டு வட்டம் தெரியுதா? டீசல் கலந்துக்கினு கீது."

"ஒண்ணும் தெரியல. நீ ஆயில மாத்தினியா இல்லியா?"

"மாத்தல. அந்த மெக்கானிக் அன்னாவ அனுப்பிட்டேன்."

அவர் குரல் ஏறியது. "துணியப் பாத்து எஞ்சின் சொல்றியா நீ? நான் எத்தினி வருசமா வண்டி ஓட்டறேன்? ஒரு பேச்சு கேக்க மாட்டியா?"

"இவ்ளோ பெரிசா தெரியுதுங்க. நல்லாப் பாருங்க. வெளி வட்டம், தோ, என் வெரலு வெச்சிருக்கேனே."

"தெரியலன்னு சொல்றேன் இல்ல!"

"கண்ணெதிர்ல காட்டறேன், தெரியலன்னா இன்னா அர்த்தம்?"

திரையில் அவர் முகம் மட்டும் இருந்தது. பின்னால் ஒரு தகர ஷெட் சுவர். அந்த நேரத்தில் அவர் ரோட்டில் இருக்க வேண்டியவர். எப்போது கூப்பிட்டாலும் முதல் ரிங்கில் எடுக்கிறாரே என்று எனக்கு ஒருநாளும் தோன்றாமல் போனது எப்படி?

"எனக்குத் தெரியலமே," என்றார், இப்போது மெதுவாக. "எதிர்ல வர வண்டி லைட்டே நாலா தெரியுது. எடது கண்ணுல கறுப்பா நூலு நூலா ஓடிக்கினே கீது. சக்கரை கண்ணுக்கு வந்துடுச்சாம். வண்டிய வாங்கிக்கினாங்க. ஷெட்டுல கேட்டு தொறக்கற வேலதான் பாக்கறேன், ரொம்ப நாளா."

துணியைக் கீழே போட்டுவிட்டேன். மெஷின் தண்ணீரை வடிக்கிற சத்தம் பெரிதாகக் கேட்டது. "ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா நீ பயப்படுவ."

பயப்படத்தான் செய்வேன். சின்ன விளக்குக்கே பயந்து நடுங்குகிறவள். ஆனால் அன்று அவரிடம் சண்டை போட வாய் வரவில்லை. "பொறப்பட்டு வந்துடுங்க" என்று மட்டும் சொன்னேன். விசா முடிய இன்னும் இருக்கிறது, முதலாளியிடம் கேட்க வேண்டும் என்றார். போனை வைக்கும்போது, பழக்க தோஷத்தில், "ஆயில மாத்திடு" என்றார். பிறகு, "எதுவோ, நீ பாத்துச் செய்" என்றார்.

அன்றைய துணியை ஓரகத்தியின் வீட்டுக்காரர் ஆட்டோ பிடித்து ஏற்றிக்கொண்டு வந்தார். நான் வண்டியை மெல்ல உருட்டிக்கொண்டு, ரேணிகுண்டா சாலையில் இருந்த சர்வீஸ் சென்டருக்குப் போனேன். வழி முழுக்கக் கண் சாலையில் பாதி, விளக்கில் பாதி. மனம் இரண்டிலும் இல்லை. ஒரு கண்ணில் கறுப்பு நூல் ஓடினால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தெலுங்கில்தான் பேசினாள். ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள்? ஒரேயடியாக எவ்வளவு நேரம்? எங்கெங்கே அணைக்கிறீர்கள்? டாக்டர் மாதிரி கேட்டுக்கொண்டே போனாள். கடைசியாக, "மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்திருக்குமே, டப்பாவுக்குள்ளே புள்ளி புள்ளியாக?" என்றாள்.

எரிந்தது, பல வாரமாக. "மஞ்சளு ஒண்ணும் பண்ணாது, செவப்புதான் ஆபத்து" என்று அவர் சொல்லியிருந்தார். அதை அவளிடம் நான் சொல்லவில்லை. எரிந்தது என்று மட்டும் சொன்னேன்.

அவள் விளக்கினாள். புகைக் குழாயில் கரியைப் பிடிக்கிற ஒரு ஃபில்டர் இருக்கிறது. அதில் கரி சேர்ந்ததும், எஞ்சின் தானாகவே கூடக் கொஞ்சம் டீசலை விட்டு, சூடேற்றி, அந்தக் கரியை எரித்துவிடும். அதற்கு வண்டி நிற்காமல் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். நான் சந்து சந்தாக ஓட்டி, லாட்ஜுக்கு லாட்ஜ் அணைத்துக்கொண்டிருந்ததால், எரிக்க ஆரம்பிக்கும், பாதியில் நின்றுவிடும். எரியாத டீசல் கீழே வழிந்து ஆயிலில் கலந்துவிடும்.

"அப்படீன்னா கெட்டி ஆயில் ஊத்தினா?"

"எந்த ஆயில் ஊற்றினாலும் டீசல் இறங்கினால் அதுவும் தண்ணியாகத்தான் போகும் அம்மா. இந்த வண்டிக்கு ஐந்து முப்பதுதான். மற்றதை ஊற்றினால் ஃபில்டர் இன்னும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். நீங்கள் ஓட்டுகிற விதத்தை மாற்றுங்கள்."

பழைய ஆயிலை இறக்கினார்கள். வாளியில் விழும்போது அது ஆயில் மாதிரி விழவில்லை, காப்பி மாதிரி விழுந்தது. புதிதாக 5W-30 ஊற்றினார்கள். மஞ்சள் விளக்கு மட்டும் அணையவில்லை. அதை அணைக்க நெடுஞ்சாலையில் நிறுத்தாமல், அறுபது வேகத்துக்குக் குறையாமல், அரை மணி நேரமாவது ஓட்டிப் பார்க்கச் சொன்னாள். கருகல் வாசனை வந்தாலும் பயந்து நிறுத்தக் கூடாது, கரி எரிகிற வாசனை அது என்றாள். அணையாவிட்டால் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும், அங்கே வண்டிகள் வரிசையில் நிற்பதால் சில நாள் ஆகும்.

நான் பயப்பட்டுத் தள்ளிவைத்த சாலை முழுக்க இப்போது முன்னால் வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் ஒத்திப் போட்டேன். ஆராதனை முடிந்ததும், சர்ச் வாசலில் எங்கள் போதகர் அய்யர் கை கொடுத்து, "இன்னம்மா, முகம் ஒரு மாதிரியா இருக்கு?" என்று கேட்டார். "சித்தூர் வரைக்கும் வண்டி எடுத்துக்கினு போறேன் அய்யா," என்றேன். அவர் அதற்காக ஒரு சின்ன ஜெபமே பண்ணிவிட்டார். ஓரகத்தி பக்கத்தில் ஏறிக்கொண்டாள். அவள் பிறந்த ஊர் வெதுருகுப்பம். எதற்கும் அசராத பெண். ஒரு பொட்டலம் வறுத்த வேர்க்கடலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

சந்திரகிரி தாண்டியதும் சாலை அகன்றது. லாரிகள் பக்கத்தில் போகும்போது வண்டி அந்தப் பக்கம் இழுத்தது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியில் முழங்கை வரை வலித்தது. முள் அறுபதில் நின்றது. எனக்கு அது பறக்கிற வேகமாகத் தெரிந்தது. பின்னால் வந்த பஸ்களுக்கு நான் மாட்டு வண்டி. ஹாரன் அடித்து அடித்து முந்திக்கொண்டு போனார்கள். மஞ்சள் விளக்கு அப்படியே இருந்தது.

கொஞ்ச தூரம் போனதும் வாசனை வந்தது. முதலில் இஸ்திரிப் பெட்டியின் கீழே துணி பொசுங்குகிற மாதிரி. பிறகு அதைவிடக் காட்டமாக. ஓரகத்தி கடலை மெல்லுவதை நிறுத்தினாள்.

"அக்கா, கருகுது."

"தெரியுது. அப்படித்தான் வரும்னா அந்தப் பொண்ணு."

"இவ்ளோ வருமா? காலுக்குக் கீழ சூடா கீது அக்கா. நிறுத்திப் பாத்துடலாம்."

"நிறுத்தக் கூடாதுடி."

"பத்திக்கினா?"

அவள் பயந்து நான் பார்த்ததில்லை. அவள் பயந்ததும் என் பயம் இரண்டு மடங்காயிற்று. வலதுகால் தானாகவே ஆக்சிலேட்டரிலிருந்து எழும்பியது. முள் ஐம்பத்தைந்துக்கு இறங்கியது. அந்தப் பெண் சொன்னது ஒருவேளை தப்பாக இருந்தால்? இதுவரை எனக்கு யோசனை சொன்ன எல்லோருமே நிச்சயமாகத்தானே சொன்னார்கள்? பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். புகை எதுவும் தெரியவில்லை. காலை மறுபடி அழுத்தினேன். "புகை தெரிஞ்சா சொல்லு, அப்ப நிறுத்தறேன்," என்றேன். அவள் ஜன்னலில் தலையை நீட்டிப் பின்னாலேயே பார்த்துக்கொண்டு வந்தாள். முந்தானை பறந்து என் முகத்தில் அடித்தது. நான் வாய்விட்டே ஜெபித்துக்கொண்டிருந்தேன், வார்த்தை கோவையில்லாமல்.

பூதலப்பட்டு தாண்டின பிறகு எங்கேயோ விளக்கு அணைந்திருக்கிறது. அணைந்ததை நான் பார்க்கவில்லை. எதிரே ஒரு மாங்காய் லாரி தாறுமாறாக வந்ததில் என் கண் அதிலேயே இருந்தது. அது கடந்துபோன பிறகு கீழே பார்த்தால் மஞ்சளும் இல்லை, சிவப்பும் இல்லை. வெறும் கறுப்புக் கண்ணாடி. வாசனையும் குறைந்துவிட்டது.

"போச்சுடி," என்றேன்.

"இன்னா போச்சு?" என்று அலறினாள் அவள்.

"லைட்டு. லைட்டு போச்சு."

அவள் உள்ளே தலையை இழுத்துக்கொண்டு, கலைந்த முடியோடு என்னை முறைத்தாள். பிறகு இருவரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பிலேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சித்தூருக்குள் நுழையும் இடத்தில் ஒரு டீக்கடை முன் ஓரங்கட்டினேன். இறங்கி இரண்டு டீ வாங்கினேன்.

அங்கிருந்தே அவருக்குப் போன் போட்டேன்.

"எங்க கீற?"

"சித்தூர்ல. நானே ஓட்டிக்கினு வந்தேன்."

"ஹைவேலயா?" என்றார். எந்த ஆயில் ஊற்றினாய் என்று கேட்பார் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது வேறு. "வெயில்ல வந்திருக்க. ஏதாச்சும் துன்னியா?"

"டீ குடிச்சோம். நீங்க எப்ப வரீங்க?"

"மொதலாளிகிட்ட பேசிட்டேன். மழ காலத்துல வந்துடறேன்."

அப்படியே வந்தார். சென்னை ஏர்போர்ட்டிலிருந்து அவருடைய தம்பி கூட்டிக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் இறங்கியதும் வண்டியைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தார். பானட்டைத் திறந்து கேஜ் கம்பியை உருவி, முகத்துக்கு மிக அருகில் கொண்டுபோய், தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். கம்பியைத் திரும்பச் செருகிவிட்டு உள்ளே போனார்.

வேலூரில் கண் ஆஸ்பத்திரியில் காட்டினோம். கண்ணுக்குள்ளே ரத்தம் கசிகிறது, ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றார் டாக்டர். வலது கண்ணைக் காப்பாற்றிவிடலாம், இடது கண்ணுக்கு உறுதி சொல்ல முடியாது என்றார். வண்டி ஓட்டக் கூடாது என்றார். என் கணவர் தலையை ஆட்டினார்.

திருப்பதியிலிருந்து வேலூருக்கு நான்தான் ஓட்டுகிறேன். முதல் தடவை போகும்போது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் வலது காலால் தரையை மிதித்துக்கொண்டே வந்தார், அங்கே பிரேக் இருப்பது போல. "லாரிய முந்தாத" என்றார். "முந்தலங்க," என்றேன். அந்த ஓட்டத்தில் ஃபில்டரில் சேர்ந்ததெல்லாம் எரிந்துபோகிறது, தனியாக ஓட்ட வேண்டியதில்லை. ஆயில் அதே ஐந்து முப்பதுதான். அதைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. என் பயம் குறைந்துவிட்டது என்று சொன்னால் பொய். ஆயிலை விட்டுவிட்டு அவர் கண்ணுக்குப் போய்விட்டது. காலையில் எழுந்ததும் கம்பியைப் பார்க்கிற மாதிரி, இப்போது அவர் காப்பி டம்ளரை எட்டி எடுக்கிற கையைப் பார்க்கிறேன். நேராகப் போகிறதா, காற்றில் தடவுகிறதா?

போன முறை ஊசி போட்டுவிட்டுத் திரும்பும்போது ஒரு கண்ணில் கட்டு. மற்றதில் சொட்டு மருந்து விட்டிருந்ததால் வெளிச்சம் தாங்காமல் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, சீட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஆந்திரா எல்லைக்குள் வந்ததும், "எனக்கு ஒண்ணும் தெரியலமே," என்றார். "நீ சொல்லிக்கினே வா."

"இன்னாத்த சொல்றது?"

"ரோட்ட."

சொல்ல ஆரம்பித்தேன். "குடிபாலா வந்துடுச்சு. எங்க வீட்டுப் பக்கம் போற ரோட்டு சோத்தாங்கைப் பக்கம். முன்னால ஒரு வைக்கோல் லாரி. மெதுவாப் போவுது."

"தார்ப்பா கட்டி கீதா?"

"இல்லீங்க. வைக்கோலு பறக்குது."

"அப்ப கிட்டப் போவாத. கண்ணாடில வந்து உழும். தள்ளியே போ."

தள்ளியே போனேன்.